அபராதம் கட்டிய பிறகு கையில் என்ன மிச்சம்?

2025 செப்டம்பரில் அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. திருட்டுப் பிரதிகளைக் குவித்து வைத்திருக்கும் இணைய நூலகங்களிலிருந்து லட்சக்கணக்கில் புத்தகங்களை இறக்கி வைத்துக்கொண்டார்கள் என்று வழக்கு. அந்தச் செய்தி வந்த வாரம் என் அக்கா மகன் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஸ்டார்ட்அப்பில் வேலை பார்க்கிறான்.

“மாமா, அதே வாரந்தான் ஆயிரத்து முந்நூறு கோடி டாலர் முதலீடு வாங்கியிருக்கான். அதுல நூத்தம்பதைத் தூக்கிக் குடுத்துட்டு அவன் பாட்டுக்குப் போயிட்டிருக்கான். அப்போ மீறினது லாபம்தானே?”

கேள்வியில் குதர்க்கம் இல்லை. வேகமாக வளரும் கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகள் பலர் இதை நிஜமாகவே யோசிக்கிறார்கள். வாடகை, சம்பளம், விளம்பரம் போல அபராதத்தையும் ஒரு செலவாக எழுதிவிடலாமா? ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அடிப்படைக் கணக்கு. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் டிக்கெட் பத்து ரூபாய் என்று வையுங்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் குறைந்தபட்சம் 250 ரூபாய், அதோடு டிக்கெட் காசு. ஆக 260. பரிசோதகர் இருபத்தாறு பயணத்துக்கு ஒரு தடவைகூட வரமாட்டார் என்றால், டிக்கெட் எடுக்காதவர் பையில் காசு மிஞ்சும். குற்றத்தையும் தண்டனையையும் பற்றிப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1968-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் ஏறக்குறைய இதுதான். பிடிபடும் வாய்ப்பைத் தண்டனையால் பெருக்கு. வருகிற தொகை ஆதாயத்தைவிடக் குறைவென்றால், கணக்குப் பார்க்கிறவன் மீறத்தான் செய்வான். எவ்வளவு அபராதம் வைத்தால் குற்றம் குறையும் என்று அரசுக்குச் சொல்லவே பெக்கர் அந்தக் கணக்கைப் போட்டார். அதைத் திருப்பிப் பிடித்து, எவ்வளவு வரை மீறலாம் என்று பார்க்கிறவர்கள் பின்னால் வந்தார்கள்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. அபராதம் கட்டியவரை அதே ரயிலில் கடற்கரை வரை போக விடுகிறார்களா, கிண்டியிலேயே இறக்கிவிடுகிறார்களா? கம்பெனிகள் விஷயத்தில் எல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது. எத்தனை கோடி என்பது தலைப்புச் செய்திக்கு உதவும். கட்டி முடித்தபின், மீறிச் சேர்த்ததை வைத்துக்கொள்ள விட்டார்களா என்பதுதான் லாப நஷ்டத்தை முடிவு செய்கிறது.

ஆந்த்ரோபிக் வழக்கையே கிட்டப் போய்ப் பார்க்கலாம். 2021-இல் தொடங்கிய கம்பெனி. அந்த ஆண்டே லிப்ஜென் என்ற திருட்டு நூலகத்திலிருந்து குறைந்தது 50 லட்சம் பிரதிகளை இறக்கியது. அடுத்த ஆண்டு வேறோர் இடத்திலிருந்து 20 லட்சம். பிறகு இன்னொரு வழிக்கும் வந்தது. அச்சுப் புத்தகங்களை மொத்தமாகக் காசு கொடுத்து வாங்கி, முதுகுக் கட்டை வெட்டி, தாள் தாளாக ஸ்கேன் செய்து, தாளைக் கழித்துப் போட்டது. சான் பிரான்சிஸ்கோவின் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் ஆல்சப் 2025 ஜூனில் இவை இரண்டையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தார். புத்தகங்களைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தந்தது நியாயமான பயன்பாடு. விலை கொடுத்து வாங்கி ஸ்கேன் செய்ததும் சரி. திருட்டுப் பிரதிகளை இறக்கி நிரந்தர நூலகமாக வைத்துக்கொண்டது சரியில்லை; அதற்கு விசாரணை உண்டு என்றார்.

அதாவது நேர்வழி என்று ஒன்று இருந்தது. செலவும் நேரமும் பிடிக்கும், அவ்வளவுதான்.

இப்போது தொகைக்கு வருவோம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு நூலுக்குக் குறைந்தபட்ச இழப்பீடு 750 டாலர். தெரிந்தே மீறியது நிரூபணமானால் 1,50,000 டாலர் வரை போகலாம். வழக்கில் தேறிய நூல்கள் சுமார் 4,82,000. பெருக்கிப் பாருங்கள்: கீழ் எல்லை ஏறத்தாழ 36 கோடி டாலர், மேல் எல்லை 7,200 கோடி டாலருக்கும் மேல். டிசம்பரில் ஜூரி முன்னால் விசாரணை என்று நாள் குறித்தாகிவிட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் ஜூரி எதைச் சொல்லும் என்பது தெரியாத நிலையில்தான் இரு தரப்பும் 150 கோடிக்கு வந்தன. நூலுக்குச் சுமார் 3,000 டாலர். சட்டத்தின் பார்வையில் இது அபராதம்கூட இல்லை, சமரசத் தொகை. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

புத்தகம் புத்தகமாகப் பார்த்தால் படுமோசமான வியாபாரம். பழைய புத்தகக் கடையில் சில டாலருக்குக் கிடைக்கக்கூடியதற்கு 3,000 டாலர். கம்பெனியாகப் பார்த்தால் கதை வேறு. இறக்கிய கோப்புகளை அழிக்க வேண்டும். ஆனால் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை அழிக்கச் சொல்லவில்லை. கம்பெனியின் மதிப்பு அப்போது 18,300 கோடி டாலர். கொடுத்த தொகை அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. கடற்கரை வரை போக விட்டார்கள்.

ஆகவே மருமகன் சொன்னது சரிதானா? பாதி சரி. பின்னால் திரும்பிப் பார்த்தால் தாங்கக்கூடிய செலவாகத் தெரிகிறது. 2021-இல் கோப்புகளை இறக்கிய நாளில் அப்படித் தெரிந்திருக்க வழியில்லை. மேல் எல்லையில் ஒரு சின்னப் பங்கு வந்திருந்தாலும் அன்றைய கம்பெனி இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். தப்பித்தவர் பின்னால் போடும் கணக்கை, அடுத்து வருகிறவர் முன்கூட்டியே போட்ட திட்டம் என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. இறக்கிய 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளில், இரட்டைப் பிரதிகளைக் கழித்தாலும், இழப்பீட்டுப் பட்டியலில் இடம் பிடித்தவை ஒரு சிறு பகுதிதான். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் குறித்த கெடுவுக்குள் பதிவு செய்த நூல்களுக்கு மட்டுமே பங்கு. பதியாத நூலை எழுதியவருக்கு, அவர் எந்த நாட்டில் இருந்தாலும், ஒரு டாலரும் கிடையாது. 150 கோடி என்று கேட்கும்போது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததுபோல ஒரு நிறைவு வந்துவிடுகிறது. அந்த நிறைவு தவறானது.

முதலில் மீறி வளர்வது, பிறகு அபராதம் கட்டுவது என்ற வழியைப் பிரபலப்படுத்தியது ஊபர். 2010-இல் சான் பிரான்சிஸ்கோவில் ‘ஊபர்கேப்’ என்று ஓடத் தொடங்கியதும் நகரமும் மாநிலமும் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பின. பெயரிலிருந்த ‘கேப்’ போனது. வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. 2012-இல் கலிஃபோர்னியாவின் பொதுச் சேவை ஆணையம் ஊபருக்கும், அதன் போட்டியாளர்களான லிஃப்டுக்கும், சைட்காருக்கும் தலா 20,000 டாலர் அபராதம் போட்டது. அடுத்த ஆண்டே அதே ஆணையம் இந்தக் கம்பெனிகளுக்கென்று தனி வகை ஒன்றை உண்டாக்கி, ஓட்டலாம் என்று விதி செய்தது.

பென்சில்வேனியாவில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். 2014-இல் ஆறு மாதத்துக்கும் மேலாக அனுமதி இல்லாமலே ஊபர் அங்கே ஓட்டியது. லட்சத்துக்கும் அதிகமான சவாரிகள். 2016-இல் மாநில ஆணையம் 1 கோடியே 14 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. சவாரிக்குத் தொண்ணூறு டாலருக்கு மேல் வருகிறது, கேட்கும்போது கடுமைதான். அடுத்த ஆண்டு சமரசமாகி 35 லட்சம் டாலரில் முடிந்தது. அதற்குள் பிட்ஸ்பர்க் மக்களின் போனில் ஊபர் உட்கார்ந்துவிட்டது. ஆணையம் அபராதம் போடும்போது எதிரே நின்றது, பொதுமக்கள் தினமும் ஏறிப் போகும் ஒரு சேவை. அதை நிறுத்தும் துணிச்சல் அரசியல்வாதிக்கு வராது. ஊபர் அந்த ஆறு மாதத்தில் சம்பாதித்தது சவாரிக் காசை அல்ல, தன்னை நிறுத்த முடியாத நிலையை.

இந்த நேரக்கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. மீறலால் வரும் ஆதாயம் இன்றைக்கு. அபராதம் நாலைந்து வருடம் கழித்து. இன்றைக்கு இருபது பேர் கம்பெனியாக இருப்பது, தண்டனை வரும்போது இருபதாயிரம் பேர் கம்பெனி. சின்ன வயசில் செய்ததற்குப் பெரிய வயசில் பணம் கட்டுகிறது. கூடவே இதையும் பாருங்கள்: ஊபரின் குவிந்த நஷ்டம் 3,000 கோடி டாலரைத் தாண்டியது. பெரும்பகுதி சவாரிக்கு விலையைக் குறைத்தும், ஓட்டுநருக்கு ஊக்கத்தொகை கொடுத்தும், பல ஊர்களில் ஒரே நேரத்தில் கடை விரித்தும் போன பணம். அதன் பக்கத்தில் வைத்தால் அபராதமெல்லாம் தூசு. அத்தனை பணத்தை எரிக்கத் தயாராக இருக்கிற முதலீட்டாளரிடம் சில லட்சம் டாலர் அபராதம் எந்தப் பயத்தை உண்டாக்கும்?

முதலீட்டாளரின் நிலைமையும் அப்படிப்பட்டது. பத்துக் கம்பெனியில் பணம் போடுகிறார். எட்டு மூழ்கினாலும் ஒன்று நூறு மடங்கு வளர்ந்தால் போதும். மூழ்குகிற கம்பெனியில் அவர் இழப்பது போட்ட பணம் மட்டுமே. வரையறுத்த பொறுப்பு என்ற சட்டம் அதற்கு மேல் அவரைத் தொட விடாது. மேலே வானமே எல்லை, கீழே தரை உறுதி. அப்படிப்பட்டவருக்கு, மீறினால் வளரும், மாட்டினால் மூழ்கும் என்கிற சூதாட்டம் கசப்பதில்லை. கம்பெனி ஒன்றே வாழ்க்கை என்று இருக்கும் நிறுவனருக்கும், மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கும் அந்தப் பத்துக்கு ஒன்று கணக்கு கிடையாது. மருமகனிடம் நான் இரண்டு முறை சொன்னது இதைத்தான்.

“சரி மாமா, யாருக்கு நஷ்டம்? சனங்களுக்கு வண்டி கிடைச்சுதுல்ல?” என்றான்.

கிடைத்தது, மறுக்கவில்லை. பழைய டாக்ஸி முறையில் குறைகள் நிறைய இருந்தன. ஆனால் ஆஸ்திரேலியாவைப் பார்க்கட்டும். 2014-இல் ஊபர்எக்ஸ் அங்கே ஓடத் தொடங்கியபோது, சட்டப்படி பணம் கட்டி லைசென்ஸ் வாங்கி டாக்ஸி ஓட்டியவர்கள் இருந்தார்கள். எதிரில் லைசென்ஸே இல்லாமல் ஒரு கூட்டம் ஓட்டியது. வருமானமும் போனது, லைசென்ஸின் மதிப்பும் சரிந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட டாக்ஸி, வாடகைக் கார் உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் சேர்ந்து 2019-இல் வழக்குப் போட்டார்கள். 2024 மார்ச்சில் விசாரணை தொடங்க இருந்த காலையில், ஊபர் 27 கோடியே 18 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. வக்கீல் செலவு கழிக்கும் முன்பே ஆளுக்குச் சராசரி 34,000 டாலர் அளவில்தான் வருகிறது. பத்து வருடம் கழித்து. ஊபரின் சந்தை மதிப்பு அந்த மாதம் 15,000 கோடி அமெரிக்க டாலருக்கு மேல்.

சட்டத்தை மதித்தவர்தான் இந்தக் கணக்கில் முதலில் தோற்கிறார். அபராதம் லாபகரமான செலவு என்று யாராவது சொல்லும்போது, அந்த லாபத்தில் ஒரு பகுதி இப்படி வரிசையில் நின்று லைசென்ஸ் வாங்கியவர் பையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் நடுநிலை கிடையாது.

இனி இறக்கிவிடப்பட்டவர்களின் கதை. இவர்களை யாரும் மேடையில் உதாரணம் காட்டுவதில்லை, அதனாலேயே ஊபர் வழி எப்போதும் வெல்லும் என்ற பிரமை வந்துவிட்டது. நாப்ஸ்டர் 1999-இல் பாட்டுப் பரிமாற்றத்தைத் தொடங்கியபோது உலகமே அதில் விழுந்தது. 2001-இல் நீதிமன்றம் பதிப்புரிமையுள்ள பாட்டுகளைத் தடுக்கச் சொன்னது. ஜூலையில் சேவை நின்றது. பாடலாசிரியர்களுக்கும் இசை வெளியீட்டாளர்களுக்கும் 2 கோடியே 60 லட்சம் டாலர் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். பயனில்லை. 2002-இல் திவால். தொகையா அதைக் கொன்றது? மீறல்தான் அந்தக் கம்பெனியின் முழு வியாபாரமும். மீறலை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

ஜெனிஃபிட்ஸ் இன்னொரு வகை. மருத்துவக் காப்பீடு விற்ற ஸ்டார்ட்அப். இரண்டே வருடத்தில் 450 கோடி டாலர் மதிப்பு. கலிஃபோர்னியாவில் காப்பீடு விற்க 52 மணி நேரம் இணைய வழிப் பாடம் படித்தாக வேண்டும். படிக்காமலே படித்ததுபோல் கணினியில் நேரத்தை ஓட்டிக் காட்ட நிறுவனர் பார்க்கர் கான்ராட் ஒரு சிறு மென்பொருளை எழுதிக் கொடுத்தார். வெளியே தெரிந்ததும் 2016 பிப்ரவரியில் பதவி விலகினார். மாநிலம் போட்ட அபராதம் 70 லட்சம் டாலர், அதிலும் பாதி நிறுத்திவைப்பு. ஆனால் கம்பெனியின் மதிப்பு 200 கோடியாகக் குறைக்கப்பட்டது. அபராதம் 70 லட்சம், நஷ்டம் 250 கோடி. 52 மணி நேரம் உட்கார்ந்து படித்திருக்கலாம்.

நம் நாட்டில் இதைவிட நல்ல உதாரணம் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி. 2022 மார்ச்சில் புது வாடிக்கையாளரைச் சேர்க்கக் கூடாது என்றது ரிசர்வ் வங்கி. 2023 அக்டோபரில் 5.39 கோடி ரூபாய் அபராதம். அந்த அளவுள்ள கம்பெனிக்கு அது ஒரு நாள் விளம்பரச் செலவு மாதிரி. பிறகு 2024 ஜனவரி 31-ஆம் தேதி, குறித்த நாளுக்குப் பின் டெபாசிட்டே வாங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அடுத்த மூன்று வர்த்தக நாட்களில் பேடிஎம் நிறுவனத்தின் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. கடைக்காரர்கள் ஸ்கேன் அட்டையை மாற்ற வேண்டுமா என்று தெரியாமல் தவித்தது நினைவிருக்கும். ரிசர்வ் வங்கியின் கையிலிருந்த ஆயுதம் அபராதமே அல்ல. வங்கி நடத்தும் உரிமம்தான். மருந்து, வங்கி, காப்பீடு, விமானம் என்று உரிமத்தின் மேல் நிற்கும் எந்தத் தொழிலிலும் அபராதத் தொகையைப் பார்த்துத் தைரியம் கொள்வது பெரிய ஆபத்து.

மனிதரைத் தொடும் தண்டனையும் வேறு ரகம். கிரிப்டோ சந்தையான பைனான்ஸ் 2023 நவம்பரில் அமெரிக்க அரசுக்கு 430 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. கம்பெனி இன்றும் ஓடுகிறது. நிறுவனர் சாங்பெங் சாவ் தலைமைப் பதவியை விட்டார், சொந்தப் பணத்தில் 5 கோடி டாலர் கட்டினார், நாலு மாதம் சிறையில் இருந்தார். 2025 அக்டோபரில் அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். அந்த மன்னிப்பு உலகம் முழுக்க இருக்கும் இளம் நிறுவனர்களுக்கு என்ன செய்தியைக் கொண்டுபோயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்திய வரிச் சட்டம் இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் எழுதிவிட்டது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, குற்றமாகிற காரியத்துக்குச் செய்த செலவைத் தொழில் செலவாகக் கழிக்க விடவில்லை. செபி, போட்டி ஆணையம் போன்ற இடங்களில் சமரசமாகக் கட்டும் தொகையையும் கழிக்க முடியாதபடி 2024-இல் திருத்தினார்கள். சமரசம் என்று பெயர் மாற்றித் தப்பும் வழியை அடைத்தது நல்ல காரியம்.

அபராதத்தை எப்படி அளப்பது என்பதிலும் நம்மிடம் இரண்டு முறை இருக்கிறது. போட்டிச் சட்டத்தில் 2024 முதல் உலகளாவிய விற்றுமுதலை வைத்து, அதில் பத்து சதவீதம் வரை போடலாம். பெரிய கம்பெனிக்கும் வலிக்கும். ஆப்பிள் 2025-இல் இந்த விதியை எதிர்த்தே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியில்லை. தரவைப் பத்திரமாக வைக்கத் தவறினால் உச்சம் 250 கோடி ரூபாய், யாராக இருந்தாலும். முப்பது பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு அது சாவு. உலகப் பெருநிறுவனத்துக்கு ஒரு காலாண்டு அறிக்கையின் அடிக்குறிப்பு. வளர்வதற்கு முன்னால் மாட்டினால் அழிவு, வளர்ந்த பிறகு மாட்டினால் சில்லறை என்று ஆகும்போது, முதலில் வளர்ந்துவிடு என்றுதான் அந்தச் சட்டம் நிறுவனரிடம் சொல்லாமல் சொல்கிறது. இதைச் சதவீதக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சட்டம் தெளிவில்லாத இடங்கள் உண்டு. புதுத் தொழில் வரும்போது பழைய விதி அதற்குப் பொருந்துமா என்று யாருக்கும் தெரியாது. அங்கே துணிந்து இறங்கி, நீதிமன்றத்தில் வாதாடி, தோற்றால் பணம் கட்டுவது தொழிலின் இயல்பான ஆபத்து. அதைக் குறை சொல்ல மாட்டேன். புத்தகத்தைக் கொண்டு பயிற்சி தரலாமா என்பது அப்படிப்பட்ட கேள்வி. திருட்டு நூலகத்திலிருந்து இறக்கலாமா என்பது அப்படிப்பட்ட கேள்வியே இல்லை. படிக்காத பாடத்தைப் படித்ததாகக் காட்டலாமா என்பதும் இல்லை.

மேலே சொன்ன தரவுச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. அபராதத்தை முடிவு செய்யும்போது, மீறியவர் அதனால் ஆதாயம் அடைந்தாரா, நஷ்டத்தைத் தவிர்த்தாரா என்று தரவுப் பாதுகாப்பு வாரியம் பார்க்க வேண்டும் என்று 33-ஆம் பிரிவு சொல்கிறது. கையில் என்ன மிஞ்சியது என்ற கேள்வியைச் சட்டமே கேட்கிறது. வாரியம் முதல் சில வழக்குகளில் அந்த வரியை எவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த பத்து வருடத்துக் கம்பெனிகள் தங்கள் கணக்கைப் போடப்போகின்றன.